முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: பெரியவர்கள் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது, மாத்திரை எடுத்துவைப்பது எல்லாவற்றையும் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். பெரியவர்கள் விழாமல் பார்த்துக்கொள்வதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "கவனமா பாத்துக்கோ, விழுந்திரக் கூடாது." எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பது அந்த வரியில் இல்லை. குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து இல்லங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பராமரிப்பாளர்களையும், நர்சிங் முடித்து முதல் வேலைக்கு வந்தவர்களையும் நினைத்து இதை எழுதுகிறேன்.

மதிப்பெண்ணோடு நின்றுவிடாதீர்கள்

விழும் ஆபத்தை மதிப்பெண் போட்டுக் கணக்கிடும் மோர்ஸ் அளவுகோல் நர்சிங் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பு விழுந்திருந்தால் 25, கம்பு ஊன்றி நடந்தால் 15, மேஜை நாற்காலியைப் பிடித்துப் பிடித்து நடந்தால் 30 என்று கூட்டிக்கொண்டே போய், 45-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்று எழுதுவோம். ஆஸ்பத்திரி வார்டில் அதற்கு ஒரு பயன் இருக்கலாம். முதியோர் இல்லத்தில் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாருமே தாண்டிவிடுவார்கள். எல்லார் கட்டிலிலும் ஒரே சிவப்பு அட்டை தொங்கினால் அதை யார் கவனிப்பார்கள்?

65 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுக்கு 28 முதல் 35 சதவீதம் பேர் விழுகிறார்கள் என்றும், இல்லங்களில் தங்கியிருப்பவர்களில் அது 30 முதல் 50 சதவீதம் என்றும், அப்படி விழுந்தவர்களில் 40 சதவீதம் பேர் திரும்பத் திரும்ப விழுகிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2022-இல் வந்த உலகளாவிய விழுதல் தடுப்பு வழிகாட்டுதல்களும், இல்லத்தில் இருக்கும் அனைவரையும் அதிக ஆபத்தில் இருப்பவர்களாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. ஆகவே "யார் விழுவார்?" என்பதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். "இந்தப் பாட்டா (தாத்தா) எந்த நேரத்தில், என்ன செய்யும்போது விழுவார்? அதில் இந்த வாரம் எதை மாற்றலாம்?" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

முதலில் கேளுங்கள், பிறகு பாருங்கள்

"நீங்க விழுந்திருக்கீங்களா?" என்று நேராகக் கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். விழுந்ததாகச் சொன்னால் நடக்க விடமாட்டார்கள் என்ற பயம். "ஒண்ணுமில்ல மக்ளே, கால் இடறிச்சு, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்கள். அதனால் சுற்றிவளைத்துக் கேளுங்கள். "அம்மச்சி, போன வருசம் எங்கேயாவது வழுக்கிச்சா? நடக்கும்போது சட்டுனு உட்கார்ந்துட்டீங்களா? சுவரைப் பிடிச்சதனால தப்பிச்சீங்களா?" ஓய்வுபெற்ற ஆசிரியராக இருந்தால் "சார்", "டீச்சர்" என்றே கூப்பிடுங்கள், மரியாதை கிடைத்த இடத்தில் உண்மையும் வரும். மஸ்கட்டிலிருந்தோ துபாயிலிருந்தோ வீடியோ காலில் வரும் மகளிடமும் கேளுங்கள். வீட்டில் எந்தப் பக்கத்துச் சுவரைப் பிடித்து நடப்பார், ராத்திரி எத்தனை தடவை எழுவார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் நடையைப் பாருங்கள். எளிய சோதனை ஒன்று உண்டு. கை வைத்த நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி, 3 மீட்டர் தள்ளித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். கம்பு வைத்து நடப்பவர் கம்போடுதான் நடக்க வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே போக வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை என்பது பொதுவான கணக்கு. இல்லத்தில் பலருக்கு 20-ஐத் தாண்டும், அதனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம். போன மாதம் 18 விநாடியில் வந்தவர் இந்த மாதம் 27 எடுக்கிறார் என்றால் அதுதான் சேதி.

விநாடியைவிட முக்கியமாகக் கண்ணால் பார்க்க வேண்டியவை: கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? திரும்பும்போது கால் பின்னுகிறதா? உட்காரும்போது நாற்காலி காலில் படும்வரை பின்னால் வருகிறாரா, இல்லை தூரத்திலிருந்தே தொப்பென்று விழுகிறாரா? நீங்கள் பேச்சுக் கொடுத்தால் நடை நின்றுவிடுகிறதா?

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, 227 விழுதல்களை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். உடம்பின் எடையைத் தப்பாகச் சாய்த்து நிலை தடுமாறியவைதான் 41 சதவீதம். தடுக்கி விழுந்தவை 21. வழுக்கி விழுந்தவை வெறும் 3 சதவீதம். நாமோ வழுக்கலைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கேமராக்கள் குளியலறைக்குள் இல்லை, நம்மூர் மாதிரி வாளியும் கோப்பையும் வைத்துக் குளிக்கும் வழக்கமும் அங்கே கிடையாது. இங்கே வழுக்கலின் பங்கு கூடுதலாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஆனாலும் எழுவது, திரும்புவது, உட்காருவது என்ற மூன்று அசைவுகளில் கண் வைக்க வேண்டும் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

பிரஷரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பாருங்கள்

பல இடங்களில் உட்கார்ந்த நிலையில் ஒரு தடவை பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுவதோடு சரி. எழுந்தவுடன் பிரஷர் இறங்குவது அதில் தெரியாது. 5 நிமிடம் படுக்கவைத்துப் பாருங்கள். எழுந்து நின்ற 1-வது நிமிடத்திலும் 3-வது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிற்கும்போது தலை சுற்றுகிறது என்றால் உடனே உட்காரவைத்துவிடுங்கள். சோதனையை முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம்.

அப்படிப்பட்டவர்களைக் காலையில் எழுப்பும் முறையே வேறு. கட்டிலின் ஓரத்தில் இரண்டு மூன்று நிமிடம் உட்காரவைத்து, கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் நிற்கவைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகும் சிலருக்குப் பிரஷர் இறங்கும். மத்தியானச் சோறு முடிந்த கையோடு மாடிக்கோ குளிக்கவோ கூட்டிப்போகாதீர்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பல இல்லங்களில் மாலை ஜெபமாலை உண்டு. எத்தனை வயதானாலும் முட்டுப்போட்டுத்தான் ஜெபிப்பேன் என்பவர்கள் உண்டு. முட்டுப்போட்டு நெடுநேரம் இருந்துவிட்டு எழும் அந்த விநாடி மிக ஆபத்தானது. நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்தால் போதும் என்று நீங்கள் சொன்னால் எடுபடாது. இல்லத்தை நடத்தும் மதர் சொன்னாலோ, ஞாயிற்றுக்கிழமை வரும் சாமியார் (பாதிரியார்) சொன்னாலோ கேட்பார்கள். அவர்களையே சொல்லவையுங்கள். கேட்காதவர்களுக்கு முன்னால் கனமான ஒரு பெஞ்சைப் போடுங்கள், பிடித்து எழட்டும்.

மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

மருந்தை மாற்றுவது நம் வேலை இல்லை. பட்டியல் எடுத்து டாக்டர் முன்னால் வைப்பது நம் வேலை. தூக்க மாத்திரைகள் (அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம்), மனநிலைக்கும் மறதி நோயில் வரும் முரட்டுத்தனத்துக்கும் கொடுப்பவை (குயட்டியாபின், ஹாலோபெரிடால், அமிட்ரிப்டிலின்), பிரஷர் மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், சளிக்கு என்று கொடுக்கும் அவில் இவற்றைத் தனியாகக் குறியுங்கள். ஒருவரே இதில் மூன்று நான்கு சாப்பிடுகிறார் என்றால் "இதில் ஏதாவது குறைக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. மெல்லக் குறைக்க வேண்டியது அது.

சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் தனிக் கவனம் கேட்பவை. மாத்திரை உள்ளே போய்ச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, விழுவார்கள். ஏகாதசி, தவக்காலம், ரமலான் என்று நோன்பிருப்பவர்கள் எல்லா இல்லத்திலும் இருக்கிறார்கள். நோன்பு நாளுக்கு மருந்தை எப்படி மாற்றுவது என்பதை அதற்கு முந்திய வாரமே டாக்டரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

ராத்திரியும் கக்கூசும்

எனக்குத் தெரிந்து எல்லாவற்றையும்விட அதிகம் தடுக்கக்கூடியவை இங்கேதான் இருக்கின்றன. பெரியவர் விழிக்கிறார், முட்டிக்கொண்டு வருகிறது, யாரையும் எழுப்பக் கூச்சம், விளக்கு சுவிட்ச் கதவுப் பக்கம் இருக்கிறது, செருப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவசரமாக எழுகிறார். இதில் எந்த ஒன்றை மாற்றினாலும் அந்த விழுதல் நடக்காமல் போகலாம்.

மூன்று நாள் ஒரு தாளில் எழுதுங்கள்: யார், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தார். மூன்றாம் நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் தெரிந்துவிடும். 2 மணிக்கு எழுபவரை ஒன்றே முக்காலுக்கு நீங்களே போய்க் கூட்டிப்போங்கள். நீர் பிரியும் மாத்திரையைக் காலையிலேயே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நடை மோசமாக இருப்பவர்களுக்குக் கட்டில் பக்கத்திலேயே கமோடு நாற்காலி. ஆண்களுக்கு யூரின் கேன். கூப்பிட ஒரு மணி, கைக்கு எட்டும் இடத்தில். மணியடித்தால் முகம் சுளிக்காமல் வரும் ஆள் ராத்திரி டூட்டியில் இருக்க வேண்டும். ஒரு தடவை எரிந்து விழுந்தால் அந்த அம்மச்சி இனி மணியடிக்கமாட்டார், தனியாகத்தான் போவார்.

கட்டிலின் உயரத்தையும் பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும், முட்டி மடங்கிச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். நன்கொடையாக வந்த ஆஸ்பத்திரிக் கட்டில்கள் பெரும்பாலும் உயரம். காலை அறுத்துக் குறைக்கலாம், வெல்டிங் பட்டறையில் கேட்டால் செய்துதருவார்கள்.

கட்டிலிலிருந்து கக்கூஸ்வரை இரவு முழுக்க எரியும் சிறு விளக்குகள் வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போகும், அதனால் அந்த விளக்குகள் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். உள்ளே பிடிமானக் கம்பி வேண்டும். துண்டு போடும் கம்பி அதற்கு ஆகாது. ஆள் கனத்துக்குப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். வெள்ளை டைல்ஸ், வெள்ளைக் கமோடு, வெள்ளைச் சுவர் என்று இருந்தால் பார்வை மங்கியவருக்கும் மறதி நோய்க்காரருக்கும் எங்கே உட்காருவது என்று தெரியாது. கமோடின் இருக்கையை நீலமோ சிவப்போ ஆக்கிவிடுங்கள். கறுப்பு மிதியடி அவர்கள் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியும், தாண்டப் பார்ப்பார்கள்.

இரண்டு மழைக்காலம் உள்ள ஊர்

குமரி மாவட்டத்துக்கு ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து வடகிழக்கு. வருசத்தில் பாதி நாள் வராந்தா ஈரம். முற்றத்தில் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பது வாராந்திர வேலையாக இருக்கட்டும். துணி காயாது என்று வராந்தாவுக்குள் கொடி கட்டுவோம், அது சொட்டும் தண்ணீர் நடைபாதையில்தான் விழும். கொடியை வேறு பக்கம் மாற்றுங்கள். வாசலில் மடித்துப் போடும் சாக்கு, தடுக்கி விழவைப்பதற்கென்றே கிடப்பது. எடுத்துவிட்டு அடியில் ரப்பர் உள்ள மிதியடி போடுங்கள். அறைக்கு அறை உயர்ந்து நிற்கும் பழைய வாசல்படிகளை இடிக்க முடியாவிட்டால் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடியுங்கள்.

எண்ணெய்க் குளியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் தேய்க்காமல் குளிக்காதவர்கள் நம்மவர்கள். தடுக்க வேண்டாம். உள்ளங்காலில் மட்டும் தேய்க்காதீர்கள், குளிக்கும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எண்ணெய் வையுங்கள், முடிந்ததும் தரையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஈரத் தரையில் நகரும், அடியில் ரப்பர் மாட்டியது வேண்டும்.

உடை: சாரம் (கைலி) அவிழ்ந்து காலில் சிக்கும். இடுப்பில் இலாஸ்டிக் தைத்துக் கொடுத்தால் தாத்தாக்கள் முதலில் கேலி செய்வார்கள், அப்புறம் எல்லாருக்கும் கேட்பார்கள். நைட்டி கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். தேய்ந்த ஹவாய் செருப்பை விட்டுவிட்டுப் பின்பக்கம் வார் உள்ளதை வாங்குங்கள். கம்பு நேராக நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும். வலி அல்லது பலவீனம் உள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்துவிட்டதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். கண்ணாடி அவருடையதுதானா என்றும் பாருங்கள், மாறிப்போவது சகஜம்.

கட்டிவைக்க வேண்டாம்

"விழுந்துருவாங்க, நாற்காலியில சேலை வச்சுக் கட்டி வைங்க" என்று சொல்லும் சொந்தக்காரர்கள் உண்டு. கேட்காதீர்கள். 2022 வழிகாட்டுதல்கள் கட்டிவைப்பதை விழுதல் தடுப்பாகப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கின்றன. கட்டப்பட்டவர் அவிழ்க்கப் போராடுவார், தசை வற்றும், புண் வரும். கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கிவிட்டால் அதன்மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார்கள். எப்போதும் எழுந்து போகப் பார்ப்பவருக்கு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது: கக்கூசோ, பசியோ, வலியோ, மகனைத் தேடுவதோ. அதைக் கண்டுபிடியுங்கள்.

நடக்காதவருக்கு நடை போய்விடும். ஆஸ்திரேலியாவில் 16 இல்லங்களில் 221 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வில் (2018), வாரம் இரண்டு நாளாக 25 வாரம் தசை வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் விழுதல் 55 சதவீதம் குறைவு. நம்மிடம் அந்தக் கருவிகள் இல்லை. நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, பக்கவாட்டில் நடப்பது எல்லாம் செய்யலாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரை ஒரு தடவை வரவழைத்து, யாருக்கு எது ஆகும் என்று எழுதி வாங்குங்கள்.

சாப்பாடும் இதில் சேரும். அதே நாட்டில் 60 இல்லங்களில் பால், தயிர், சீஸ் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள் (2021): எலும்பு முறிவு 33 சதவீதம், இடுப்பு முறிவு 46 சதவீதம், விழுதல் 11 சதவீதம் குறைந்தது. காலையில் ஒரு தம்ளர் பால், மத்தியானம் தயிர், ராத்திரி மறுபடி பால் என்று போனால் செலவு அவ்வளவு ஆகாது. முட்டை, பயறு, முள்ளோடு மெதுவாக வேகவைத்த சாளை, நெத்திலி எல்லாம் நல்லதுதான். வைட்டமின் டி-யை டாக்டரிடம் கேளுங்கள். 60,000 யூனிட் பாக்கெட் என்றால் அது வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒன்று, தினமும் இல்லை.

விழுந்துவிட்டால்

1. உடனே தூக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், தலையணை வேண்டாம், போர்வை போடுங்கள்.

2. நினைவு இருக்கிறதா, ரத்தம் வருகிறதா, கழுத்து வலிக்கிறதா, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆசாரிபள்ளத்தில் இருக்கிறது.

3. எதுவும் இல்லை என்றால் அவரே எழட்டும். பக்கவாட்டில் புரண்டு, முழங்கை ஊன்றி, முட்டிபோட்டு, முன்னால் வைத்த நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முன்வைத்து எழ வேண்டும். பின்னால் இன்னொரு நாற்காலி. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் அவர் தோளும் போகும், உங்கள் இடுப்பும் போகும்.

4. சர்க்கரை, பிரஷர், நாடி மூன்றையும் பாருங்கள். காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், மலச்சிக்கல், புதுக் குழப்பம் இருக்கிறதா? சில நேரம் விழுதல்தான் நோயின் முதல் அறிகுறி.

5. தலையில் அடிபட்டிருந்தாலோ, யாரும் பார்க்காதபோது விழுந்திருந்தாலோ முதல் 2 மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, அடுத்த 4 மணி நேரம் மணிக்கு ஒரு தடவை, பிறகு 2 மணிக்கு ஒரு தடவை எழுப்பிப் பேசிப் பாருங்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். தலைக்குள் ரத்தக்கசிவு வாரங்கள் கழித்துத் தூக்கமாகவும் குழப்பமாகவும் வெளிப்படலாம்.

வர்ம ஆசான்களிடம் நம் மாவட்டத்துக்கு இருக்கும் நம்பிக்கை சாதாரணமானதல்ல, சுளுக்குக்குப் போய் சுகம் கண்டவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். ஆனால் இடுப்பு முறிவு சந்தேகம் என்றால் தைலம் தேய்ப்பதும் தடவிப் பார்ப்பதும் வேண்டாம். முதலில் எக்ஸ்ரே. முறிந்திருந்தால் ஓரிரு நாளில் அறுவைச் சிகிச்சை நடப்பதுதான் திரும்ப நடப்பதற்கு வழி.

நோட்டில் என்ன எழுதுவது

"பாத்ரூமில் விழுந்தார், காயம் இல்லை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "காலை 5.10. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில். பூசைக்கு மணி அடித்ததும் எழுந்தார். விளக்கு போடவில்லை. வெறுங்கால். கம்பு ஜன்னல் ஓரத்தில். நேற்றிரவு 9.30-க்குத் தூக்க மாத்திரை." அந்த ஷிப்டில் இருந்தவர்கள், சமையல்காரம்மா உட்பட, அன்றைக்கே ஐந்து நிமிடம் கூடிப் பேசினால் இதிலேயே நான்கு மாற்றங்கள் கிடைத்துவிடும். யாரையும் திட்டும் கூட்டமாக அது ஆகக் கூடாது. திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த விழுதல் நோட்டுக்கே வராது.

குடும்பத்துக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள், காயம் இல்லாவிட்டாலும். நான்கு நாள் கழித்துக் கன்னத்து நீலத்தை வீடியோ காலில் பார்த்துவிட்டு அவர்கள் கேட்கும்போது பதில் சொல்வது கஷ்டம். என்ன நடந்தது, டாக்டர் என்ன சொன்னார், இன்று ராத்திரியிலிருந்து எதை மாற்றியிருக்கிறீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். மூன்றாவதைச் சொல்ல முடியாவிட்டால் முதலில் போய்க் கம்பைக் கட்டில் தலைமாட்டில் ஒரு கொக்கி அடித்து மாட்டிவிட்டு வந்து போனை எடுங்கள்.